அரைப்படி உலர்மண்

ஒரு தடவைக்கு ஒன்றரை பைண்ட் மண். நம் அளவில் ஏறக்குறைய அரைப்படி. அது மேல்மண்ணாக இருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும், சலித்திருக்க வேண்டும், கழிவு விழுந்த உடனே அதை மூட வேண்டும். இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில் ஃபோர்டிங்டன் என்ற ஊரின் பாதிரியாராக இருந்த ஹென்றி மோல் 1860-இல் காப்புரிமை பெற்ற உலர்மண் கழிப்பறையின் சாரம் இவ்வளவுதான். வேளாண்மையையும் ஊர்ச் சுகாதாரத்தையும் சேர்த்துச் சிந்தித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர். நகரம் முழுவதற்கும் சாக்கடை வெட்டியவர்கள் உண்டு; கட்டுக்கட்டாக அறிக்கை எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவே மோலைத் தனியே எடுத்து வைத்து நான் ரசிப்பதற்குக் காரணம் அவருடைய கண். எத்தனை அங்குல ஆழம், எத்தனை நிமிஷம், எந்த மண், அதே மண் எத்தனை தடவை தாங்கும் என்று சின்னச் சின்ன அளவுகளை உற்றுப் பார்த்தே அவர் பெரிய உண்மை ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்.

அப்படிப்பட்டவரை ரசிக்கத் திருச்சியை அடுத்த ஜீயபுரம் தகுந்த ஊர். காவிரியும் உய்யக்கொண்டானும் நனைக்கிற இந்தப் பகுதியில் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நடுவே வளர்ந்தவர்களுக்கு மண்ணின் தரம் கையிலேயே தெரியும். வண்டல் எது, களி எது, மணல் கலந்தது எது என்று பிடித்துப் பார்த்துச் சொல்வார்கள். பங்குனி உற்சவத்தில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரத்து ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். பேரனைப் பறிகொடுக்க இருந்த பாட்டி ஒருத்தியின் வீட்டில் பேரன் உருவிலேயே வந்து, அவள் பிசைந்து வைத்த பழைய சோற்றைப் பெருமாள் உண்டார் என்று கதை சொல்வார்கள். தெய்வமும் பசியோடு வருகிற ஊரில், சோறு விளைகிற மண்ணைப் பற்றிப் பேசுவது தாழ்ந்த பேச்சாக முடியாது. 'குப்பையில்லா வெள்ளாமை சப்பை' என்று சொல்லி வந்த சனங்களுக்கு மோல் அந்நியரும் இல்லை.

1801-இல் பிறந்த மோல், 1829-இல் ஃபோர்டிங்டனுக்கு வந்தார். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1849-இல் அங்கே காலரா வந்தது. 1854-இல் மீண்டும் வந்தது. இரண்டாவது முறை அது வந்த வழியைக் கவனிக்க வேண்டும். லண்டனில் காலரா பரவியபோது மில்பேங்க் சிறையின் கைதிகளை ஃபோர்டிங்டனுக்குப் பக்கத்து நகரமான டார்செஸ்டருக்கு மாற்றினார்கள். அவர்களுடைய துணிகள் வெளுப்புக்காக ஃபோர்டிங்டன் பெண்களிடம் வந்தன. கூலிக்குத் துணி துவைத்த வீடுகளில் முதலில் காலரா புகுந்தது. மோல் வீடு வீடாகப் போனார். நோயாளிகளைப் பார்த்தார்; துணிகளைக் கொதிநீரில் போடவும், படுக்கைகளை எரிக்கவும் ஏற்பாடு செய்தார். நிலத்தின் உரிமை கார்ன்வால் கோமகப் பண்ணையிடம் இருந்ததால், அதன் ஆலோசனைச் சபைத் தலைவரான இளவரசர் ஆல்பர்ட்டுக்கு எட்டுக் கடிதங்கள் எழுதினார். அவை 1855-இல் அச்சேறின. குடிசைகளின் நெருக்கத்தையும், அழுக்கு வெளியேற வழியில்லாததையும் அரச குடும்பத்தின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்ன எழுத்து அது. பிற்காலத்தில் தாமஸ் ஹார்டி 'டெஸ்' நாவலில் படைத்த பாதிரியார் கிளேரின் சாயல் மோலுடையது என்பார்கள்.

கடிதம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1859 கோடையில் தன் வீட்டுக் கொல்லையைப் பார்த்தார். மலக்குழி தனக்கும் அண்டை வீட்டாருக்கும் தொல்லையாக இருப்பதை உணர்ந்து அதைத் தூர்த்துவிட்டார். வீட்டிலுள்ளவர்கள் வாளியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஏற்பாடு. வாளியில் சேர்ந்ததைத் தோட்டத்தில் ஓர் அடி ஆழ வாய்க்காலில் புதைத்து வந்தார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடத்தைத் தற்செயலாகக் கிளறியபோது, புதைத்ததன் சுவடே இல்லை. மண் மண்ணாகத்தான் இருந்தது. 'அப்பாடா, தொலைந்தது' என்று மண்ணை மூடிவிட்டுப் போகிற இடம் இது. மோல் அங்கே நின்றார். புதைத்தது எங்கே போயிற்று? மண் அதை என்ன செய்தது? வாரக்கணக்கில் நடக்கிற வேலையை மண்ணை உலர்த்திச் சலித்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் செய்யுமா?

கொல்லையில் ஒரு கொட்டகை போட்டார். அதன் நிழலில் காய்ந்த மண்ணைச் சலித்துக் குவித்தார். தினமும் காலையில் வாளியில் உள்ளதை அந்த மண்ணோடு கலந்தார்கள். ஒரு பையனுக்குக் கால் மணி நேர வேலை. கலந்து பத்து நிமிஷம் ஆனபின் கண்ணுக்கும் மூக்குக்கும் அருவருப்பாக ஒன்றுமில்லை என்று மோல் பதிந்து வைத்திருக்கிறார். இந்தக் கால் மணி நேரமும் பத்து நிமிஷமும் என்னைக் கவர்கின்றன. கழிவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அருவருப்போடு எழுதினார்கள், இல்லாவிட்டால் அச்சத்தோடு. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் மிகச் சிலர். முகம் சுளிக்காமல் நின்று பார்த்தவரால்தான் பத்து நிமிஷம் என்று சொல்ல முடியும்.

அடுத்து, கலக்கிற வேலையைக் காலைவரை தள்ளிப் போடாமல் கழிப்பறையிலேயே நடத்த வழி கண்டார். இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி. மாவு மில்லில் தானியம் கொட்டுகிற கூம்பைப் போல அது கீழே குறுகி வரும். அதில் சலித்த உலர்மண் நிறைந்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் அளவு மண் மட்டும் சரிந்து வாளியில் விழும்; விட்டால் வாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் வேண்டாம், குழாய் வேண்டாம், ஊர் முழுக்கத் தோண்ட வேண்டாம். ஜேம்ஸ் பேனர் என்பவரோடு சேர்ந்து 1860-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அரைப்படி என்கிற அளவில்தான் இந்தப் பொறியின் நயம் முழுதும் இருக்கிறது. மண் குறைந்தால் ஈரம் மேலே தெரியும், வாடை எழும். கூடினால் வாளி சீக்கிரம் நிறையும், சுமக்கிறவனுக்குப் பாரம், உலர்த்துகிறவனுக்கு வேலை. இழுக்கிறவர் யோசிக்காமலேயே சரியான அளவு விழும்படி, தான் கண்டறிந்ததைப் பொறிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

எந்த மண் என்ற கேள்வியை ஜீயபுரத்துக் குடியானவர் உடனே புரிந்துகொள்வார். ஆற்று மணல் ஆகாது. அதில் நீர் இறங்கிவிடும், பிடித்து வைக்கிற சக்தி இல்லை. களிச்சத்தும் மக்கும் கலந்த மேல்மண்தான் வேண்டும். அதிலுள்ள களித்துகள் ஈரத்தையும் அம்மோனியாவையும் பற்றிக்கொள்ளும். மக்கில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் உதவியோடு கழிவைச் சிதைக்கும். ஆழக் குழியில் காற்று கிடையாது. அங்கே அழுகல்தான் நடக்கும். ஓர் அடிக்குள் இருக்கிற மண் உயிருள்ள மண். மோலின் காலத்தில் இந்த நுண்ணுயிர்க் கணக்கு யாருக்கும் தெரியாது. காலராவின் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884-இல். மோல் 1880-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். விளக்கம் தெரியாமலேயே விளைவைச் சரியாகப் பிடித்தார் என்பதே அவருடைய கவனிப்புக்குச் சான்று.

உலர்ந்த மண்ணின் வலிமை நமக்குப் புதிய சேதியா என்ன? ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்று திருக்குறளின் உழவு அதிகாரம் சொல்கிறது. அங்கேயும் அளவுதான், கால் பங்கு, ஒரு பிடி. கோடை உழவு போட்டு மண்ணை வெயிலில் காயவிடுகிறவர்களுக்கு அந்தக் குறளின் பொருள் அனுபவத்திலேயே கிடைத்திருக்கும். வள்ளுவர் வயலில் கண்ட வலிமையை மோல் கழிப்பறையில் கண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

மோல் இன்னொன்றும் கண்டார். ஒரு தடவை பயன்பட்ட மண்ணை உலர்த்தினால் அதையே மறுபடியும் பயன்படுத்தலாம். இப்படி ஐந்து சுற்று வந்த மண்ணை ஒரு குடியானவருக்குக் கொடுத்தார். அவர் ஒரே வயலை இரண்டாகப் பகுத்தார். பாதிக்கு இந்த மண். மறுபாதிக்கு அதே எடைக்கு சூப்பர் பாஸ்பேட். அது அந்தக் காலத்தின் புதிய ஆலை உரம். ஜான் பென்னெட் லாஸ் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1842-இல். இரண்டு பாதியிலும் டர்னிப் வகையைச் சேர்ந்த 'ஸ்வீடு' கிழங்கைப் போட்டார்கள். மண் உரம் போட்ட பாதியில் கிழங்குகள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்தன. ஒரே வயல், ஒரே பயிர், ஒரே எடை, உரம் மட்டும் வேறு. பாதிரியாரும் குடியானவரும் சேர்ந்து நடத்திய இந்தச் சோதனையின் நேர்மை இன்றைய ஆராய்ச்சி நிலையத்திலும் மதிக்கத்தக்கது. காரணத்தையும் இன்று எளிதாகச் சொல்லலாம். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து உண்டு, தழைச்சத்து இல்லை. மோலின் மண்ணிலோ தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் உண்டு. ஆட்டுக்கிடை போட்ட மறுபோகத்தில் நெல் ஏன் கருகருவென்று எழுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

அவருடைய பிரசுரங்களின் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் அவர் மனம் போன திசை தெரிகிறது. 1861-இல் குடிசைத் தோட்டக்காரர்களுக்காக எழுதியதற்குக் கோடி மக்களுக்கான எரு என்று பொருள்படும் தலைப்பு. 1872-இல் நகரக் குப்பையே உள்ளூர் வரிச்சுமைக்கு மருந்து என்கிறார். 1873-இல் நாட்டின் ஆரோக்கியத்தையும் செல்வத்தையும் ஒரே தலைப்பில் சேர்க்கிறார். ஏழையின் கொல்லையில் தொடங்கி நாட்டின் கணக்குவரை அதே அரைப்படி மண்ணோடுதான் போகிறார். 1868-இல் விம்பிள்டனில் நடந்த தொண்டர் படை முகாமில் 148 உலர்மண் கழிப்பறைகள் வைத்தார்கள். அவற்றில் நாற்பது ஐம்பதை மட்டும் நாளொன்றுக்கு 2000 பேருக்குக் குறையாமல் பயன்படுத்தியும் கண்ணுக்கோ மூக்குக்கோ தொல்லை இல்லை என்று 'லான்செட்' மருத்துவ இதழ் எழுதியது.

அதே காலத்தில் உலர்மண் முறை இந்தியாவின் சிறைகளுக்கும் ராணுவக் குடியிருப்புகளுக்கும் வந்தது. இந்த இடத்தில் ரசனை தயங்கி நிற்கத்தான் வேண்டும். ஃபோர்டிங்டனில் அது ஒரு வீட்டின் கால் மணி நேர வேலை. இங்கே வாளியைத் தூக்குகிற வேலையைப் பிறப்பால் சிலர் தலையில் கட்டினோம். மண்ணின் நயம் போய்விட்டது, வாளியும் தலைச்சுமையும் மட்டும் நின்றுவிட்டன. அந்த இழிவை ஒழிக்க 1993-இலும் 2013-இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒரு நல்ல முறையின் ஒவ்வொரு அளவையும் கவனித்து, யார் கை அதைச் செய்கிறது என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டால் அந்த முறை கொடுமையாக மாறும். மோலின் குறிப்பில் இருந்த பையனையும் கால் மணி நேரத்தையும் நாம் சரியாகப் படிக்கவில்லை.

சரியாகப் படித்தவர்களும் உண்டு. லண்டன் மருத்துவர் ஜார்ஜ் விவியன் பூர், ஆண்டோவரில் இருந்த தன் தோட்டத்தில் பக்கத்துக் குடிசைகளின் கழிவை மேல்மண்ணில் புதைத்துக் காய்கறியும் பழமும் விளைவித்தார். 1893-இல் கிராமச் சுகாதாரம் பற்றிய கட்டுரைகளை நூலாக்கினார். ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல ஆழத்துக்குள் புதைக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் காந்தி எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி அதைச் செய்தும் பார்த்திருந்தார். அங்கே குடியிருந்தவர்களில் தமிழர் பலர். மண்ணில் புதைத்து எருவாக்குவது அங்கே எல்லோருக்கும் பொதுவான வேலை. ஒருவரின் விதி ஆகவில்லை.

இந்த மரபின் மிக அழகான வளர்ச்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜீயபுரத்திலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே போய்க் குளித்தலைப் பாலத்தைக் கடந்தால் முசிறி. அங்கே ஸ்கோப் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த மராச்சி சுப்புராமன் சூழல்காப்புக் கழிப்பறைகளைப் பரப்பினார்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி தோண்டினால் கழிவும் கிணற்று நீரும் ஒன்றாகும். அதனால் அங்கே குழியே கிடையாது. தரைக்கு மேலே இரண்டு அறைகளைக் கட்டி, அவற்றின் மேல் கழிப்பறை வைக்கிறார்கள். படியேறிப் போக வேண்டும்.

அந்தக் கழிப்பறைப் பீங்கானை நெருங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மலம் விழும் ஓட்டை, முன்னால் சிறுநீருக்குத் தனி வழி, கால் கழுவ நகர்ந்து உட்கார்ந்தால் அந்த நீருக்கு வேறொரு வழி. மூன்றும் மூன்று இடத்துக்குப் போகின்றன. சிறுநீர் டிரம்மில் சேர்கிறது, கழுவிய நீர் செடி நட்ட சிறு பாத்திக்குப் போகிறது, மலம் அறைக்குள் காய்கிறது. முடிந்தவுடன் ஒரு கைச் சாம்பலைத் தூவி ஓட்டையை மூட வேண்டும். தண்ணீரால் கழுவுகிறவர்களின் பழக்கத்தை மாற்றச் சொல்லாமல் அந்தத் தண்ணீருக்கே ஒரு வழி வைத்தது நம் ஊருக்கான திருத்தம். மோலின் பெட்டியில் சிறுநீரும் மலமும் ஒன்றாக விழுந்தன, அத்தனை ஈரத்தையும் மண்ணே குடிக்க வேண்டியிருந்தது. இங்கே ஈரத்தை முதலிலேயே பிரித்துவிடுவதால் ஒரு கைச் சாம்பல் போதுமாகிறது. மனிதக் கழிவில் உள்ள தழைச்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிறுநீரில்தான் இருக்கிறது; தண்ணீர் கலந்து விட்டால் வாழைக்கு அது நல்ல மேலுரம்.

அறைகள் இரண்டு இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்கு மாறுகிறார்கள்; முதல் அறை மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்படி, குளிர்ந்த இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டியதை இருபது டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்தால் போதும். சாம்பலோ சுண்ணாம்போ சேர்ந்து காரத்தன்மை ஏறியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல். திருச்சி வெயிலைத் திட்டாதவர் இல்லை. இந்தக் கணக்கில் அந்த வெயில் நமக்குக் கிடைத்த வரம். கதவைத் திறக்கும்போது இருப்பது காய்ந்த, வாடையற்ற எரு. பச்சைக் கழிவை யாரும் தொடுவதில்லை. மோலின் முறையில் ஒருவர் கை செய்ததை இங்கே காலம் செய்கிறது. இந்த முறைக்கு இருந்த பெரிய குறையைத் தீர்த்தது இரண்டாவது அறைதான் என்பேன்.

முசிறியில் அமைந்த பொதுக் கழிப்பறையில் இன்னொரு செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பயன்படுத்துகிறவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதில் அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். சின்னத் தொகைதான். ஆனாலும், 'நீ விட்டுப் போவது பொருள், அதற்கு விலை உண்டு' என்று மனிதனிடம் சொல்கிற ஏற்பாடு அது. நகரக் குப்பையால் வரியைக் குறைக்கலாம் என்று 1872-இல் எழுதியவர் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வருஷா வருஷம் ஊராட்சிகளும் பள்ளிகளும் கழிப்பறை கட்டுகின்றன. எத்தனை கட்டினோம் என்ற கணக்கு எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. கட்டுவதற்கு முன் மோல் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் இங்கே எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது? இந்த மண் வண்டலா, மணலா? கிணறு எவ்வளவு தூரம்? நிறைய எத்தனை மாதம், உலர எத்தனை மாதம்? எரு எந்த வயலுக்குப் போகும்? முக்கியமாக, யார் கை அதைத் தொடும்? எல்லா ஊருக்கும் ஒரே வடிவம் சரிவராது. இடம் நெருங்கிய நகரத்துக்குக் குழாயும் சாக்கடையும் வேண்டும், சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். கொல்லையும் வயலும் இருக்கிற காவிரிக்கரைக் கிராமத்துக்கோ இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினாலே பாதி வேலை முடிந்துவிடும். அளவு தெரிந்து செய்கிற சின்ன வேலை, அளவு தெரியாத பெரிய திட்டத்தைவிட ஊரைக் காக்கும். ஃபோர்டிங்டன் பாதிரியாரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.